போர்க்கால ஆங்கிலக் கிராம நாவல்களை ருசித்துப் படிப்பது எப்படி?

ஒரு தேவாலயம், ஒரு பப், தபால் ஆபீசோடு ஒட்டிய மளிகைக் கடை, குளம், மேட்டில் ஒரு பெரிய வீடு. ஆண்டு 1939 அல்லது 1940. தபால் ஆபீசில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் பக்கத்து விமானத் தளத்துக்கு வந்து சேர்ந்த பையனுக்கும் நடுவே ஏதோ துளிர்க்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால இங்கிலாந்தின் கிராமத்துக் காதல் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். "ஒண்ணுமே நடக்கலையே" என்று அறுபது எழுபது பக்கத்தில் மூடி வைப்பவர்களும் உண்டு.

நடக்கத்தான் செய்கிறது. ஒருவர் இன்னொருவர் வீட்டு வாசலில் நாலு முட்டையை வைத்துவிட்டுச் சொல்லாமல் போகிறார். அந்த நாலு முட்டை அன்றைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாதவருக்கு அந்த அத்தியாயம் வெறும் முட்டைக் கதை. இந்த வகை நாவல்களில் உணர்ச்சி அளவுகளிலும் தேதிகளிலும்தான் ஒளிந்திருக்கும். எழுதியவர் அதை விளக்கவும் மாட்டார், ஏனென்றால் அவருடைய சொந்த நாட்டு வாசகருக்குப் பாட்டி சொல்லிக் கேட்ட சங்கதி அது. நமக்குக் கொஞ்சம் தயாரிப்பு தேவை. ஒரு மாலை நேரம் போதும்.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது

கடையில் கிடைப்பவை மூன்று வகை. போர் நடக்கும்போதே எழுதப்பட்டவை ஒன்று. பல பத்தாண்டுகள் கழித்து எழுதப்பட்ட தொடர் நாவல்கள் இரண்டாவது; ஒரே கிராமத்தை வைத்து ஆறு, எட்டு பாகம் என்று போகும். மூன்றாவது, இன்றைய பெண் ஒருத்தி பரணில் பழைய கடிதக் கட்டைக் கண்டெடுக்க, கதை இரண்டு காலத்திலும் மாறி மாறி ஓடும் வகை. முதன்முதலாகப் படிப்பவர் மூன்றாவதைத் தள்ளிப்போடுவது நல்லது. இன்றைய காலத்துப் பகுதி வந்து வந்து, கிராமத்துக்குள் கால் ஊன்றும் முன்பே நம்மை வெளியே இழுத்துவிடும். தனி நாவலாகவோ ஒரு தொடரின் முதல் பாகமாகவோ, கதை ஒரே ஆண்டுக்குள் நிற்பதாகப் பார்த்து எடுங்கள். 1940 என்றால் மிகவும் நல்லது. பழகிய பிறகு, போர்க்காலத்திலேயே எழுதப்பட்ட ஒன்றைக் கையில் எடுத்தால் வித்தியாசம் சுளீரென்று தெரியும். 1941இல் எழுதியவருக்குப் போர் எப்படி முடியும் என்று தெரியாது. ஜெர்மானியர் வந்து இறங்கினால் என்ன செய்வது என்று ஒரு பாத்திரம் கேட்கும்போது, அந்தக் கேள்வி எழுதியவருடையதும்கூட.

வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை. தொடர் நாவல் என்றால் எத்தனையாவது பாகம் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பின்னட்டையைப் பார்த்து எடுத்தால் முதல் பாகத்தில் யார் சாகிறார் என்பது அங்கேயே அம்பலமாகிவிடும். அடுத்து, பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். பழைய நாவல்கள் புதுத் தலைப்போடு மறுபதிப்பு ஆவதும், அமெரிக்காவில் வேறு தலைப்பில் வருவதும் சகஜம். முன்பு என்ன பெயரில் வந்தது என்று அந்தப் பக்கத்தில் இருக்கும். பார்க்காமல் வாங்கினால் ஒரே கதைக்கு இரண்டு முறை பணம் கொடுக்க நேரும்.

முதல் ஐம்பது பக்கம்

இதை ஒரே மூச்சில் படிக்க வேண்டும். பேருந்தில் பத்து, தூங்கும்முன் பத்து என்று பிரித்தால் பெயர்கள் தங்காது. கிராமத்து நாவலில் தொடக்கத்திலேயே பதினைந்து இருபது பேர் வந்துவிடுவார்கள். ஒரு தாளில் கிராமத்தைத் தோராயமாக வரைந்து, ஒவ்வொரு கட்டடத்துக்கும் பக்கத்தில் அங்கே இருப்பவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்: பாதிரியார் வீடு, பெரிய வீடு, பண்ணை, பள்ளிக்கூடம், டாக்டர் வீடு, பப், தபால் ஆபீஸ். அகரவரிசைப் பட்டியல் உதவாது. இந்தக் கதைகளில் யார் யாருக்கு அண்டை வீடு என்பதுதான் கதையை நகர்த்தும்.

ஒரே ஆளுக்கு நாலு பெயர் வருவதுதான் பெரிய குழப்பம். பெரிய வீட்டு மகனை அம்மா செல்லப் பெயரில் கூப்பிடுவாள், படையில் பதவியோடு குடும்பப் பெயர், நண்பர்கள் மத்தியில் வெறும் குடும்பப் பெயர், வயதான சமையற்காரிக்கு அவன் இன்னும் 'மாஸ்டர்' இன்னார்தான். அக்கா தங்கை இருந்தால் 'மிஸ்' என்று சொல்லிக் குடும்பப் பெயர் மட்டும் வந்தால் மூத்தவள். 'மிஸ்' என்பதோடு சொந்தப் பெயர் வந்தால் இளையவள். இருவர் முதன்முறையாகச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும் இடம் வந்தால் நின்று படியுங்கள். நம் மொழியில் 'நீங்க' என்பது 'நீ' ஆகும் இடம் அது.

பதவிகளில் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். விமானப்படையில் அதிகாரிக்குக் கீழான சார்ஜென்ட் பதவியிலும் விமானிகள் இருந்தார்கள், அதிகாரிப் பதவியிலும் இருந்தார்கள். ஒரே விமானத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உயிரைப் பணயம் வைப்பார்கள். இறங்கியதும் சாப்பிடும் இடம் வேறு வேறு. கதாநாயகியின் அப்பா 'சார்ஜென்டா?' என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்தினால் காரணம் அதுதான்.

ரேஷனை மனப்பாடம் செய்யுங்கள்

மொத்தத் தயாரிப்பிலும் அதிகப் பலன் தருவது இது. 1940 ஜனவரி 8 அன்று பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி), வெண்ணெய், சர்க்கரை மூன்றோடு ரேஷன் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் தேயிலையும் சேர்ந்தது. அளவுகள் அவ்வப்போது மாறினாலும் ஒரு பெரியவருக்கு வாரத்துக்குத் தோராயமாக இவ்வளவு என்று வைத்துக்கொள்ளலாம்: வெண்ணெய் 2 அவுன்ஸ், பாலாடைக்கட்டி 2 அவுன்ஸ், பேக்கன் 4 அவுன்ஸ், சர்க்கரை 8 அவுன்ஸ், தேயிலை 2 அவுன்ஸ், கிடைத்தால் ஒரு முட்டை. மற்ற இறைச்சிக்கு எடைக்கணக்கு கிடையாது, விலைக்கணக்கு. ஒரு ஷில்லிங் இரண்டு பென்ஸ் அளவுக்கு வாங்கலாம். அன்றைய கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.

ஒரு அவுன்ஸ் 28 கிராம். இரண்டு அவுன்ஸ் தேயிலை என்பது 56 கிராம். கோப்பைக்கு 2 கிராம் வைத்தால் வாரத்துக்கு 28 கோப்பை, நாளைக்கு நாலு. இதை ஒருமுறை வீட்டுத் தராசில் நிறுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்ததும் கெட்டிலை அடுப்பில் வைப்பவள் தன் பங்கிலிருந்து கொடுக்கிறாள். ஒரு தடவை போட்ட இலையையே மறுபடியும் கொதிக்க வைத்துத் தான் குடித்துவிட்டு, வந்தவனுக்குப் புது இலை போட்டால் அது காதல் அத்தியாயம். வேறு வசனமே வேண்டாம்.

முட்டைக் கணக்கும் அப்படித்தான். வாசலில் வைத்த நாலு முட்டை ஒரு மாதத்து ரேஷன். கோழி வளர்ப்பவர்கள் தங்கள் முட்டைப் பங்கை விட்டுக்கொடுத்தால் அதற்குப் பதில் தீவனம் கிடைக்கும். ஆகவே கிராமத்தில் கோழி வைத்திருக்கும் கிழவிக்குத் திடீர் மரியாதை. 1942 முதல் அமெரிக்காவிலிருந்து முட்டைத் தூள் வந்தது. ஒரு பொட்டலம் பன்னிரண்டு முட்டைக்குச் சமம் என்று கணக்கு. அதில் செய்த கேக்கைப் புகழ்கிற பாத்திரம் பெரும்பாலும் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறது.

ரேஷன் புத்தகத்தின் நிறத்தையும் கவனியுங்கள். பெரியவர்களுக்கு வெளிர்மஞ்சள், ஐந்து வயது தாண்டிய பிள்ளைகளுக்கு நீலம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பச்சை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு குறிப்பிட்ட கடையில்தான் பதிந்திருக்கும். வேறு கடைக்கு நைசாகப் போக வழியில்லை. மணமாகாத பெண் ஒருத்தி வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பையிலிருந்து பச்சைப் புத்தகத்தை எடுக்கிறாள். கடைக்காரி ஒரு நொடி பார்க்கிறாள், பிறகு வழக்கம்போல் ஆரஞ்சு இருக்கிறதா என்று தேடப் போகிறாள். நாவலாசிரியர் இதை இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார். நிறம் தெரியாமல் படித்தால் அடுத்த அத்தியாயத்தில் ஊரே ஏன் பேசுகிறது என்று புரியாமல் பின்னால் புரட்ட வேண்டிவரும்.

துணிக்கு 1941 ஜூன் 1 முதல் கூப்பன். முதல் ஆண்டில் ஆளுக்கு 66. உள்துணி வைத்த கோட்டுக்கு 14, கம்பளி உடைக்கு 11, பெண்களின் காலணிக்கு 5, ஒரு ஜோடி காலுறைக்கு 2. கல்யாணம் வந்தால் கூப்பனை அக்கம்பக்கத்தார் சேர்த்துக் கொடுப்பதும், ஒரே வெள்ளை கவுன் நாலு மணப்பெண்களுக்குச் சுற்றுவதும் இதனால்தான். கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சு போடுவதற்கு 1940 ஆகஸ்ட் முதல் தடை. அட்டையில் செய்த அடுக்குக் கேக் மூடியை வாடகைக்கு எடுத்து, உள்ளே சின்னப் பழக் கேக்கை வைத்து மூடுவார்கள். மூடியைத் தூக்கும் நொடியை நல்ல எழுத்தாளர்கள் வீணாக்க மாட்டார்கள்.

தேயிலையில் நமக்கும் ஒரு தொடுப்பு உண்டு. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் கையில் விழுந்த பிறகு பிரிட்டனின் கோப்பை பெரும்பாலும் இந்தியாவையும் இலங்கையையும் நம்பியே இருந்தது. இலங்கைத் தோட்டங்களில் அந்தக் கொழுந்தைப் பறித்தவர்கள் தமிழர்கள்.

தேதிகளைப் புத்தகக் குறியில் எழுதி வையுங்கள்

ஒரு துண்டு அட்டையை எடுத்து இவற்றை எழுதுங்கள். 1939 செப்டம்பர் 1: குண்டுவீச்சுக்கு அஞ்சி நகரத்துக் குழந்தைகள் கிராமங்களுக்கு ரயிலேறுகிறார்கள், இருட்டடிப்பு தொடங்குகிறது. செப்டம்பர் 3: போர் அறிவிப்பு, ஞாயிறு காலை, வானொலி. 1940 மே 14: உள்ளூர்க் காவல் தொண்டர்களுக்கு அழைப்பு, ஜூலையில் அதன் பெயர் ஹோம் கார்டு ஆகிறது. மே 26 முதல் ஜூன் 4 வரை டன்கிர்க்: பிரான்ஸ் கடற்கரையிலிருந்து படைகளைக் கப்பலில் மீட்கிறார்கள். செப்டம்பர் 7: லண்டன் மேல் குண்டுவீச்சு. நவம்பர் 14: கோவென்ட்ரி நகரத்தின் மேல் குண்டுவீச்சு. 1941 டிசம்பர்: 20 முதல் 30 வயதுக்குள் இருக்கும் மணமாகாத பெண்களுக்கும் கட்டாயப் பணி. 1942 பிப்ரவரி 15: சிங்கப்பூர் வீழ்ச்சி. 1944 ஜூன் 6: நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் இறங்குகின்றன. ஜூன் 13: முதல் பறக்கும் குண்டு. 1945 மே 8: ஐரோப்பாவில் போர் முடிவு. ஆகஸ்ட் 15: ஜப்பான் சரண்.

இந்த அட்டையின் வேலை, பாத்திரங்களுக்குத் தெரியாததை நமக்குத் தெரியச் செய்வது. நாவலில் மாதம் குறிப்பிடப்படும் போதெல்லாம் ஒரு பார்வை பாருங்கள். நார்ஃபோக் பக்கத்துக் கிராமம் ஒன்று, 1941 அக்டோபர், ஊர்ப் பையன்கள் உள்ளூர்ப் படைப்பிரிவோடு கப்பலேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிழக்கு ஆங்கிலியாவின் 18ஆம் டிவிஷன் அந்த மாதம்தான் புறப்பட்டது. 1942 ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி முதல் வாரத்துக்குள் சிங்கப்பூரில் இறங்கி, சில நாட்களிலேயே மொத்தமாகச் சிறைப்பட்டது. கிராமத்தில் அம்மாக்கள் "நல்ல வேளை, வெயில் ஊருக்குப் போறானுங்க" என்று கம்பளிக் கையுறையை எடுத்து வைக்கும் பக்கத்தை, அட்டையைப் பார்த்தவரால் சாதாரணமாகக் கடக்க முடியாது. அதற்குப் பிறகு பல மாதம் ஒரு சேதியும் வராது. வந்தாலும் அச்சடித்த வாசகங்களோடு ஒரு அஞ்சலட்டை. அந்தக் கைதிகள் உழைத்த சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். இந்த நாவல்களில் அவர்கள் தலைகாட்டுவது அரிது. தெரிந்த நாம் அந்த இடத்தில் அவர்களையும் சேர்த்து வாசிக்கலாம், வாசிக்கத்தான் வேண்டும்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு. 1941 முதல் கோடையில் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். ஜூனில் இரவு பத்தரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பண்ணை வேலை முடிந்து லேண்ட் கேர்ளும் (போர்க்காலத்தில் பண்ணை வேலைக்கு வந்த பெண்) அவள் ஆளும் பத்து மணிக்கு வயல் வரப்பில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள் என்றால் ஆசிரியர் கணக்குத் தப்பவில்லை. மாறாகக் குளிர்காலத்தில் சாயங்காலமே இருட்டு, தெருவிளக்கு கிடையாது, ஜன்னலில் கறுப்புத் துணி. எதிரில் வருபவர் மேல் முட்டிக்கொள்வதில் தொடங்கும் காதல்களுக்கு அந்த இருட்டே காரணம்.

காதலுக்கு இருந்த சட்டம்

அன்று 21 வயது ஆகாதவர் கல்யாணத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். தேவாலயத்தில் மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசிக்க வேண்டும். பையனுக்கோ 48 மணி நேர லீவு. ஆகவே அந்த அறிவிப்பு இல்லாமல் மணக்க லைசென்ஸ் வாங்கி அவசரக் கல்யாணம், அதை வைத்து ஊர் கட்டும் கதைகள். 1937ஆம் ஆண்டுச் சட்டம் விவாகரத்துக்கான காரணங்களை விரித்தது. ஆனால் கல்யாணமாகி மூன்று ஆண்டுக்குள் பொதுவாக மனுப்போட முடியாது. அவசரத்தில் தாலி கட்டியவள் நாவல் முழுக்கக் காத்திருப்பதன் காரணம் இதில் இருக்கும். ஆசிரியை வேலை பார்ப்பவளுக்கு இன்னொரு சிக்கல்: கல்யாணமானால் வேலை போகும் என்ற வழக்கம் பல ஊர்களில் இருந்தது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்தான் அதை நீக்கியது.

கடிதங்களைத் தணிக்கை அதிகாரி படித்துவிட்டுத்தான் அனுப்புவார். எங்கே இருக்கிறேன் என்று எழுதக் கூடாது. காதலர்கள் முன்கூட்டியே பேசி வைத்த ரகசியக் குறிப்புகளைத் தேடிப் படிப்பது தனிச் சுகம். தந்தியை முதலில் பார்ப்பது தபால் ஆபீஸ் பெண். அவளே கதாநாயகியாக இருக்கும் நாவல்கள் இத்தனை இருப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

சரக்கு நல்லதா என்று பார்ப்பது

சொதப்பலான நாவலைக் கண்டுபிடிக்கச் சில சோதனைகள். 1943இல் கதாநாயகன் சும்மா ஊர் சுற்றக் காரெடுத்து வருகிறானா? 1942 ஜூலையில் சொந்த உபயோகத்துக்கான பெட்ரோல் நிறுத்தப்பட்டது. டாக்டர், பண்ணைக்காரர் என்று காரணம் இருக்க வேண்டும். 1941இல் கிராமத்துக் குழந்தைக்குப் பெனிசிலின் ஊசியா? அந்த ஆண்டில்தான் முதல் நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். சல்ஃபா மாத்திரை என்றால் சரி. 1941 கல்யாணத்தில் தேவாலய மணி ஒலிக்கிறதா? 1940 ஜூனில் மணிகள் நிறுத்தப்பட்டன. எதிரி இறங்கினால் மட்டுமே அடிக்கலாம். 1942 நவம்பர் 15 அன்று எகிப்தில் கிடைத்த அலமைன் போர் வெற்றிக்காக ஒலித்தபோது ஜனங்கள் தெருவில் நின்று கேட்டார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் 1942க்கு முன் கும்பலாக வருவதும், டாக்டர் 1948 ஜூலைக்கு முன் எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் பார்ப்பதும் இதே ரகம்.

ஒரு பிழைக்காகப் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டாம். நூறு பக்கம் போயும் யாரும் எதற்கும் வரிசையில் நிற்கவில்லை, சர்க்கரை தீரவில்லை, நகரத்திலிருந்து வந்த பிள்ளையால் வீட்டில் சண்டை வரவில்லை என்றால் அந்த நாவலில் போர் வெறும் படுதா. வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ள வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ், ஒன்றுக்கு மேல் என்றால் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ் என்று அரசு கொடுத்தது. அந்தப் பணம் போதுமா என்று மேஜையில் ஒருத்தி கணக்குப் போடும் நாவல் நம்பத் தகுந்தது.

தொடரை எப்படிப் பிரித்துப் படிப்பது

எட்டு பாகத்தையும் அடுத்தடுத்துப் படித்தால் நாலாவதில் சலிக்கும். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு கிறிஸ்துமஸ், ஒரு தந்தி, ஒரு குண்டு, ஒரு கல்யாணம் என்று அச்சு தெரிந்துவிடும். இரண்டு பாகத்துக்கு ஒருமுறை நிறுத்தி, போர்க்காலத்திலேயே எழுதப்பட்ட நாவலையோ நாட்குறிப்பையோ நடுவில் வையுங்கள். வட்டார வழக்குப் பேச்சு புரியாவிட்டால் வாய்விட்டுப் படித்தால் பாதி தெளியும். யார்க்ஷர் பேச்சுக்கு ஒலிப்புத்தகம் நல்ல துணை. சாப்பாட்டுச் சொற்களில் ஏமாறாதீர்கள்: உழைக்கும் குடும்பத்தில் 'டின்னர்' மதியச் சாப்பாடு, 'டீ' மாலையில் சாப்பிடும் முழுச் சாப்பாடு. பெரிய வீட்டில் 'டின்னர்' இரவுக்குத்தான். நேரத்தைச் சொல்லாமலே ஆசிரியர் வர்க்கத்தைச் சொல்லிவிடுவார்.

பலர் 1945 மே மாதக் கொண்டாட்டத்தோடு தொடரை விட்டுவிடுகிறார்கள். எங்களைக் கேட்டால் அதற்கு அடுத்த பாகத்தைத்தான் முதலில் பரிந்துரைப்போம். ஐந்து ஆண்டு பார்க்காத கணவன், படையிலிருந்து விடுவிக்க வயதும் சேவைக்காலமும் பார்த்துப் போட்ட எண் வரும்வரை காத்திருந்து, அரசு கொடுத்த சூட்டோடு வந்து இறங்குகிறான். வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அவன் யாரோ. போரில் ரேஷன் ஆகாத ரொட்டி 1946 ஜூலையில் ரேஷன் ஆகிறது. பண்ணைகளில் ஜெர்மன் கைதிகள் 1948 வரை வேலை செய்கிறார்கள்; அவர்கள் உள்ளூர்ப் பெண்களை மணக்க 1947இல் அனுமதி கிடைக்கிறது. தம்பியைப் பறிகொடுத்த வீட்டுப் பெண் அப்படி ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தால் அந்தச் சமையலறையில் என்ன நடக்கும் என்பதை நிதானமாக எழுதிய நாவல் கண்ணில் பட்டால், விலையைப் பார்க்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இறைச்சி ரேஷன் 1954 ஜூலை 4 அன்று தீரும்வரை இந்தக் கதைகளுக்குச் சரக்கு உண்டு. மனப்பாடம் செய்த ரேஷன் அளவுகளை அதுவரை மறக்க வேண்டாம்.